தடைக்காலத்தில் பூதம் பிடித்தோம்

மூட்டு வலிக்கு எந்த எண்ணெய் நல்லது, சுகருக்கு வெந்தயமா நாவல் கொட்டையா என்று காலை ஐந்து மணிக்கே குரூப்பில் ஆரம்பித்துவிடுகிற என் செட்டு ஆட்களே, ஒரு பத்து நிமிடம் அதை நிறுத்துங்கள். நாற்பதைத் தொடுவதற்குள் இந்தப் பேச்சு என்றால் அறுபதில் பேச என்ன மிச்சம் இருக்கும்? நான் ஒரு யுத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஜெயித்ததாக எங்கள் குப்பத்தில் இன்றைக்கும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிற யுத்தம். நான் ஜெயிக்கவில்லை. இத்தனை வருடம் அந்தப் பேரை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அப்போது எனக்குப் பதினொன்று, அக்காவுக்குப் பதினான்கு. திருவொற்றியூர்க் கடலோரத்தில் வீடு. எங்கள் நைனா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டினார். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று கோடையில் நாற்பத்தைந்து நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடை அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. எங்கள் பள்ளி விடுமுறையும் அதே நாட்களில் வந்தது. அதுவரை நைனா என்பவர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து தூங்கிவிட்டுப் போகிறவர். திடீரென்று நாள் முழுக்க வீட்டில். வீட்டுக்குள் படகைக் கொண்டுவந்து கட்டிப்போட்டது மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கும்.

"இன்னாடா, குழம்புல புளி தூக்கலா கீது?" என்று என்னைக் கேட்பார். நானா வைத்தேன்? அம்மாவைக் கேட்கப் பயம். மீன் விற்கிறவள். பதில் வைத்திருப்பாள்.

அந்த விடுமுறையில்தான் கப்பலில் சமையல் வேலை பார்த்த எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, ஊருக்கு வந்தார். எனக்கு ஒரு கேம் பெட்டி. உள்ளங்கையில் அடங்குகிற கருநீலப் பெட்டி. சோப்பு டப்பாவுக்கு ஜன்னல் வைத்தது போல. அக்காவுக்கு ஒரு டப்பா பவுடர். "பையன் ஆடட்டும், நீ பக்கத்துல குந்திப் பாரு," என்றார் அக்காவிடம். எத்தனையோ துறைமுகத்தில் சரக்கைச் சரியாக இறக்கின கப்பல்காரர், எங்கள் வீட்டில் மட்டும் மாற்றி இறக்கிவிட்டுப் போனார். பவுடரை நான் போட்டுக்கொண்டிருக்கலாம். அக்கா நல்ல கறுப்பு, அழகு. நான்தான் இரண்டுமில்லாமல் இருந்தேன்.

பெட்டிக்குள் இருந்தது பூதம் பிடிக்கிற ஆட்டம். ஒரு சின்னப் பையன் காடு, மலை, குளம் என்று சுற்றுவான். எதிரே பூதம் வரும். அடித்துக் களைக்கவைத்துப் பிடிக்க வேண்டும், பழக்க வேண்டும், பிறகு அதை வைத்து மற்ற பூதங்களோடு சண்டை போட வேண்டும். ஒரே ஒரு சிக்கல். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. எங்கள் பேட்டையில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் மாமாவின் கப்பலில் வந்த இன்ஜினியர். அவர் கப்பலோடு போய்விட்டார்.

நான் என்ன செய்தேன்? தெரியாத பூதத்தையெல்லாம் மீன் மார்க்கெட் கணக்கில் தரம் பிரித்தேன். வெள்ளியாய் நீளமாய் மின்னியது ஒன்று. அது வஞ்சிரம், முதல் தரம். குண்டாய், சாக்கு மூட்டைக்குக் கண் வைத்தது போல ஒன்று. அது கழிவு மீன், கோழித்தீவனத்துக்குப் போகிற ரகம். தூக்கிப் போட இருந்தேன். அக்காதான் பெட்டியைப் பிடுங்கினாள்.

"இன்னாத்துக்குடா அத்தப் போடற?"

"கலீஜா கீது."

"நீகூடத்தான் அப்டி கீற. போட்டுட்டமா?"

அவள் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். 'குடை மாதிரி எழுத்து: சுருண்டுக்கும், பெரிய அடி படாது.' 'இரண்டு கம்பி, ஒரு கொக்கி: பெரிய நெருப்பு. வுட்டா அப்பால ரெண்டு வாட்டி மூச்சு வாங்கும்.' இப்படி எழுத்தைப் படமாக வரைந்து, பக்கத்தில் அது என்ன செய்கிறது என்று எழுதுவாள். பத்து நாளில் நாற்பது பக்கம். தலை பின்னிக்கொண்டே ஆடுவாள். ரிப்பனின் ஒரு முனை பல்லில், ஒரு கை பெட்டியில். ஆட்டத்தின் சட்டத்தை அவள்தான் கண்டுபிடித்து எனக்குச் சொன்னாள். பூதங்கள் நாலு ஜாதி. தண்ணி நெருப்பை அணைக்கும். கரண்டு தண்ணியை அடிக்கும். மண்ணு கரண்டை முழுங்கும். நெருப்பு மண்ணைச் சுட்டுச் செங்கல்லாக்கும்.

"அப்ப நம்ம வஞ்சிரம் தண்ணி. நெருப்பு வந்தா அவ்ளோதான்," என்றேன்.

"அது கரண்டு."

"மீனு மாதிரி கீதேக்கா!"

"கருவாடுகூட மீனு மாதிரிதான் கீது. தண்ணில போட்டா நீந்துமா?"

முதல் நாளிலிருந்து அக்கா வளர்த்தது ஒரு மண் பூதம். நண்டு போல, ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாய். நண்டம்மா என்று பேர் வைத்தாள். அதற்கு அடிபட்டால் அக்கா "ஸ்" என்பாள், அவள் விரலை ஏதோ கடித்தது போல. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தவள், கஞ்சி வேண்டாம் என்றாள், மாத்திரை வேண்டாம் என்றாள், "நண்டம்மாவ மட்டும் ஒரு தபா காட்டுடா," என்றாள். அந்த வீட்டில் அவளுக்கென்று தனியாக இருந்தது அது ஒன்றுதான். பாய், சீப்பு, சோப்பு, நோட்டு எல்லாம் பங்குதான். பவுடரைக்கூட நான் கேரம் போர்டுக்குக் கொட்டிவிட்டேன்.

பென்சில் பேட்டரி பற்றிச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். தீர்ந்த பேட்டரியைக் கல்லால் தட்டுவோம், வெயிலில் காயவைப்போம், தகரக் கூரையில் கருவாட்டுக்குப் பக்கத்தில் வரிசையாய் அடுக்குவோம். எடுத்து வாயில் வைத்தால் உப்பும் தகரமும் நெத்திலி வாசமும். பத்து நிமிடம் ஓடும். அதுவும் போதாமல் நைனாவின் டிரான்சிஸ்டரில் இருந்ததை உருவிவிட்டேன். அவர் திருகினார், தட்டினார், காதில் வைத்தார்.

"இன்னாமே இது, ரேடியோக்காரனும் தடைக்காலம் போட்டுட்டானா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

இப்போது என் வாய்க்கு வருகிறேன். பெட்டிக்குள்ளே இல்லாத ஆயுதம் அது.

என் வகுப்பில் ஒரு ரயில்வே பையன். ராயபுரத்தில் மாதா கோயில் பக்கம் வீடு, அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அவனிடமும் இதே பெட்டி, இதே ஆட்டம், அவன் அத்தை சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. கூடவே இரண்டு பெட்டியை இணைக்கிற ஒரு வொயரும் வைத்திருந்தான். அதைச் சொருகினால் ஒருவர் பூதத்தோடு மற்றவர் பூதம் சண்டை போடலாம். சண்டை முடிந்தால் பூதத்தை மாற்றிக்கொள்ளலாம். கோயில் வாசலில் என் பெட்டியைக் காட்டினேன்.

"நண்டு சோக்கா கீதுடா," என்றான். "மோதிப் பாப்பமா? ஜெயிக்கிறவன் தோத்தவன்கிட்ட ஒண்ணு எட்த்துக்கலாம். நான் ஜெயிச்சா அந்த நண்டு."

"கை அடி," என்றேன்.

என் மூளை அப்போது எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள். இப்போதும் அடிக்கடி போகிறது, வீட்டுக்காரியைக் கேட்டால் சொல்லுவாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா நோட்டை மூடினாள்.

"என்னைக் கேட்டியா?"

"இல்ல."

"கை அட்சிட்டியா?"

"அட்சிட்டேன்."

எங்கள் பக்கம் கை அடித்தால் அடித்ததுதான். அவளுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். நோட்டை மறுபடி திறந்தாள். பிறகு, "அவங்கிட்ட இன்னா இன்னா கீது?" என்றாள். இரண்டு நெருப்பு, ஒரு கரண்டு என்றேன். "மூணுக்கு மூணு. ஆடப்போறது நான். நீ வாயத் தொறந்தா வொயர உன் மூக்குல சொருகுவேன்."

இரண்டு நெருப்புக்கு எதிரே எங்களிடம் தண்ணிப் பூதம் ஒன்றுகூடக் கிடையாது. குளத்தில் தூண்டில் போட்டுப் பிடிக்க வேண்டும். முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா பெட்டிக்குள் தூண்டிலை வீசினாள். நைனா எட்டிப் பார்த்தார்.

"இன்னா பண்ற?"

"தண்ணிப் பூதம் புடிக்கறேன் நைனா."

"தடைக்காலத்துலயா?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வலை ஊசியைக் கீழே வைத்தார். "நான் நாப்பத்தஞ்சு நாளு வலையத் தொடைல போட்டுகினு குந்திகினு கீறன். எம் பசங்க வூட்டுக்குள்ளயே புடிச்சுகினு கீதுங்க. நாளைக்கு சங்கத்துல கேட்டா நான் இன்னா சொல்றது?"

சங்கத்தில் பெட்டியைப் பறித்துக்கொள்வார்கள் என்றே நம்பினேன். அக்கா அசரவில்லை.

"தடை விசைப்படகுக்குத்தான நைனா? கட்டுமரத்துக்கு இல்லயே. பொட்டிக்குள்ள கீற பையன் இன்ஜின் போட்டா போறான்? கரையில நின்னு தூண்டி போடறான்."

நைனா தாடையைத் தடவினார். நேரம் எடுத்துக்கொண்டார். அவர் முகத்தில் இருந்தது கோபம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்று யோசித்தால் அந்த மனுஷன் அந்த மாதத்தில் பட்ட முதல் சந்தோஷம் அதுதான் என்று தோன்றுகிறது. காற்று, ஆழம், வலை எல்லாவற்றுக்கும் படகில் ஏழு பேர் அவர் வாயைப் பார்ப்பார்கள். வீட்டில் அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கடைசியாக ஒரு வழக்கு வந்திருக்கிறது.

"சரி. தூண்டி ஓகே. ஆனா குஞ்சு மாட்டினா வுட்றணும்."

மூன்று நாள் வீசினாள். மூன்றாம் நாள் மாட்டியது. நீல நிறம், பெரிய கண், தண்ணீரைப் பீய்ச்சுகிற வாய். ஆனால் கட்டை விரல் அளவு. நைனாவிடம் காட்டினாள்.

"குஞ்சு," என்றார்.

"நைனா, பூதம் வளரும் நைனா! ரெண்டு நாள்ல வளத்துருவோம்!" என்று நான் கதறினேன்.

"வளருதுன்னுதான்டா வுடச் சொல்றது."

அக்கா என்னைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள். பொத்தானை அமுக்கினாள். நீலக் குஞ்சு குளத்துக்குள் போனது. இந்தப் பூமியில் தடைக்காலச் சட்டத்தைப் பெட்டிக்குள்ளும் கடைப்பிடித்த குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். யாரும் விருது கொடுக்கவில்லை.

ஆக, யுத்தத்துக்கு எங்கள் படை: நண்டம்மா, வஞ்சிரம், மூட்டை. நெருப்பு வந்தால் நண்டம்மா செங்கல். வஞ்சிரம் பார்க்கத்தான் வஞ்சிரம், அடித்தால் நெத்திலி. மிச்சம், நான் தூக்கிப் போட இருந்த அந்தக் கழிவு மீன் மூட்டை.

காசிமேட்டில் நைனாவின் படகைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். ரயில்வே பையன் அங்கே வந்தான், கூட நாலு ராயபுரத்துப் பசங்க. எங்கள் குப்பத்துப் பசங்க பத்து பேர். புதுப் பெயின்ட் வாசனை, டீசல் வாசனை, காலுக்குக் கீழே மணலில் செதில் மின்னியது. படகின் வயிற்றுக்கடியில் நிழலும் வெயிலும் சேர்கிற இடத்தில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெட்டிக்குத் திரையில் வெளிச்சம் கிடையாது, வெயில் வேண்டும். வொயர் ஒரு முழம்கூட இருக்காது, அதனால் முட்டியோடு முட்டி.

"நீ ஆடலயா? பொண்ணா ஆடப்போவுது?" என்றான் ரயில்வே பையன்.

"ஏன், பொத்தான்ல மீசையா கீது?" என்றாள் அக்கா.

தலைக்கு மேலே நைனா படகுப் பலகை இடுக்கில் பஞ்சு வைத்து டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருந்தார்.

"நைனா, கொஞ்ச நேரம் தட்டாத!" என்றாள் அக்கா.

"ஏன், உன் பூதம் பயப்படுதா?" சிரித்துக்கொண்டே சுத்தியலை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் "யக்கா, அடி!" என்று ஆரம்பித்தேன். திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். என் மூக்கு எனக்கு ஞாபகம் வந்தது.

அவள் ஏன் இவ்வளவு நிசப்தம் கேட்டாள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பேட்டரியை மிச்சம் பிடிக்க இரண்டு பேரும் பெட்டியின் சத்தத்தைக் குறைத்திருந்தார்கள். திரையில் நாலு வரி இருக்கும், மேலிருந்து கீழே பொத்தானைத் தட்டி எது வேண்டுமோ அதற்குப் போக வேண்டும். ரயில்வே பையனின் பொத்தான் பழசு. ஒவ்வொரு தட்டுக்கும் 'டிக்' என்றது. டிக் இல்லையென்றால் சின்ன அடி. ஒரு டிக், தற்காப்பு. மூன்று டிக், பெரிய நெருப்பு. அக்கா அவன் அமுக்கி முடிக்கும்வரை காத்திருந்து, எண்ணிவிட்டு, பிறகு தன்னுடையதை அமுக்கினாள்.

திருட்டு ஆட்டம் என்கிறீர்களா? அம்மாவோடு ஏலத்துக்குப் போய் வளர்ந்தவள் அவள். ஏலத்தில் எல்லோரும் கூடையைப் பார்ப்பார்கள். அம்மா எதிரே நிற்கிறவன் தொண்டையைப் பார்ப்பாள். எச்சில் முழுங்கினால் அடுத்த விலை கேட்கப்போகிறான்.

அக்கா முதலில் இறக்கியது மூட்டையை. ராயபுரமே சிரித்தது. "இன்னாடா இது, அழுக்குத் துணியா?"

டிக், டிக், டிக். பெரிய நெருப்பு வந்தது. மூட்டை சுருண்டுகொண்டது. நெருப்பு மேலே போனது, ஒரு கீறல் இல்லை. நெருப்புப் பூதம் இரண்டு முறை மூச்சு வாங்கியது. மூட்டை எழுந்து ஒரு அறை, இன்னொரு அறை. மறுபடி டிக், டிக், டிக். மறுபடி சுருண்டது. மறுபடி இரண்டு அறை. நாலு சுற்றில் முதல் நெருப்பு விழுந்தது. கோழித்தீவனம் அடித்து.

அவன் கரண்டை இறக்கினான். அக்கா மூட்டையைத் திருப்பிக் கூப்பிட்டு நண்டம்மாவை அனுப்பினாள். நண்டம்மா கரண்டை முழுங்கி ஏப்பம் விட்டாள். கடைசியாக அவனுடைய பெரிய நெருப்புப் பூதம், ரயில் இன்ஜின் அளவு. அக்கா உடனே நண்டம்மாவை உள்ளே இழுத்து மூட்டையை விட்டாள். மாறி வருகிற நேரத்தில் ஒரு சின்ன அடி பட்டு மூட்டைக்கு உயிர் நூலளவு ஆனது. அந்த இன்ஜின் அடுத்த முறை சின்ன அடியைக் கையிலெடுத்தால் மூட்டை முந்திக்கொண்டு அறைந்து அதைத் தடுமாற வைக்க வேண்டும். பெரிய நெருப்பு என்றால் சுருள வேண்டும், சின்ன அடிக்குச் சுருண்டால் தாங்காது. தப்பினால் மூட்டை காலி, பிறகு வஞ்சிரம் ஒரு வாய், அப்புறம் நண்டம்மா செங்கல். நண்டம்மா விழுந்தால் ராயபுரம் போவாள்.

டொக்.

டொக் டொக் டொக்.

நைனா டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்.

"நைனா!" என்று அக்கா கத்தினாள். மேலே காதில் விழவில்லை. ரயில்வே பையனின் கட்டைவிரல் அசைந்தது, நின்றது. அமுக்கிவிட்டான். அக்காவின் நெற்றியில் வியர்வை. அவள் கண் அவன் முகத்துக்குப் போனது, திரைக்குப் போனது. பிறகு மெதுவாய் என் பக்கம் திரும்பியது.

"டேய். நீ அவனா இருந்தா இப்ப இன்னா பண்ணுவ?"

அவள் என்னிடம் யோசனை கேட்கிறாள்! நெஞ்சு விரிந்தது.

"பெரிய நெருப்பு! அத்த விட்டா வேற இன்னா? மொத்தமா கொளுத்திடுவேன்!"

"நூலளவு உயிர் கீறதுக்கா?"

"ஆமா! அப்பதானே சோக்கா இருக்கும்!"

அக்கா தலையை ஆட்டினாள். சுருளுகிற எழுத்தை அமுக்கினாள்.

திரை முழுக்க நெருப்பு. பதினாலு பசங்க மூச்சு விடவில்லை. நெருப்பு அடங்கியது. நடுவில் மூட்டை, சுருண்டபடி, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

அப்புறம் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. இன்ஜின் மூச்சு வாங்க மூட்டை அறைய, அவன் கோபத்தில் மறுபடி மறுபடி பெரிய நெருப்பே விட, மூட்டை மறுபடி மறுபடி சுருள, கடைசியில் இன்ஜின் முகம் குப்புற விழுந்தது. எங்கள் பசங்க என்னைத் தூக்கினார்கள். அக்காவைத் தூக்க முடியாது, பொண்ணு. அதனால் என்னை. படகைச் சுற்றி ஒரு ஊர்வலம். "தம்பி ஜெயிச்சிட்டான்டோய்!" என்று பக்கத்துப் படகிலிருந்த பெரியவர்களும் கை தட்டினார்கள். நானும் கையை ஆட்டினேன். சொன்னேனே, வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

இறங்கி வந்தபோது ரயில்வே பையன் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். "எது வேணும்? எட்த்துக்க," என்றான்.

"இன்ஜின்," என்றாள் அக்கா.

"ஒண்ணு குட்த்தாத்தான் ஒண்ணு வரும். சும்மா வராது. மாத்திக்கிற மாதிரிதான் வெச்சிகிறான். நீ எதயாவது அனுப்பு."

எனக்கு அது தெரியாது. கை அடித்தபோது கேட்கவில்லை. "மூட்டய அனுப்பிடுக்கா," என்றேன் தாராளமாய்.

அக்கா பெட்டியைத் திருப்பி என்னிடம் காட்டினாள். திரையில் வஞ்சிரம் மின்னிக்கொண்டிருந்தது. ரயில்வே பையனும் எட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அய்யோ, இது செமயா கீதே! இத்தயா தர?"

"யக்கா! அது என்னுது!"

"அப்டியா? நண்டம்மா யாருது?"

எந்தப் பக்கம் பார்த்தாலும் பதினாலு பசங்க. மேலே டொக் டொக்.

"கேக்காம கை அட்சது யாரு?"

"நான்."

அவள் பெட்டியை என் கையில் வைத்தாள். வியர்வையில் ஈரமாய், சூடாய் இருந்தது. "அப்ப நீயே அமுக்கு," என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் மோசம்.

அமுக்கினேன். வஞ்சிரம் ஒரு குழாய்க்குள் நுழைந்து, வாலை மினுக்கி மினுக்கி, ராயபுரத்தைப் பார்க்கப் போனது. நான் அழுதேன், பதினோரு வயதுப் பையன், இப்போதுதான் ஊர்வலம் போய் வந்த வீரன், மூக்கு ஒழுக. அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். ரயில்வே பையன் சிரித்தான். ஒரு நிமிடம் போனதும், என்ன சொல்ல, நானும்.